அமெரிக்கத் தேசியப் பூங்காக்கள்: நுழைவுக் கட்டணத்துக்கு எவ்வளவு ஒதுக்குவது, பாஸ் வாங்கலாமா?

உங்கள் கேள்வி இதுதான். சென்னையிலிருந்து நான்கு பெரியவர்களும் 13 வயதுப் பையன் ஒருவனும் வருகிறீர்கள். லாஸ் வேகஸில் வாடகைக் கார் எடுத்து ஸயான், பிரைஸ் கேன்யன், கேபிடல் ரீஃப், ஆர்ச்சஸ், கேன்யன்லேண்ட்ஸ் பார்த்துவிட்டு, மானுமென்ட் வேலி, பேஜ் ஊர் வழியாகக் கிராண்ட் கேன்யன் போய் வேகஸுக்கே திரும்புகிறீர்கள். நுழைவுக் கட்டணத்துக்கு எவ்வளவு எடுத்துவைப்பது, பாஸ் வாங்கினால் லாபமா, டல்லஸில் இருக்கும் பெரியப்பா மகனின் 80 டாலர் பாஸைக் கடன் வாங்கிக்கொண்டு போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டினருக்கான 250 டாலர் ஆண்டுப் பாஸ் ஒன்றே ஒன்று வாங்குங்கள். அந்தப் பாஸ் செல்லாத இடங்களுக்குச் சில்லறைச் செலவாக 100 டாலர் வையுங்கள். பேஜ் ஊர்ப் பக்கம் உள்ள ஆன்டிலோப் கேன்யன் என்ற குறுகிய பாறைப் பிளவைப் பார்க்க ஆசை இருந்தால் அதற்கு மட்டும் தனியாகப் பணம் ஒதுக்குங்கள். பெரியப்பா மகனின் பாஸ் அவரிடமே இருக்கட்டும்.

ஏன் இப்படி என்பதற்குக் கொஞ்சம் விளக்கம் வேண்டும். இணையத்தில் கிடைக்கும் பழைய பயணக் குறிப்புகளை நம்பிக் கணக்குப் போட்டால் மொத்தமும் தப்பாகிவிடும். 2025 வரை அமெரிக்கரானாலும் நம்மவரானாலும் ஒரே கட்டணம்தான். ‘அமெரிக்கா தி பியூட்டிஃபுல்’ என்ற ஆண்டுப் பாஸ் 2007-இல் வந்தபோது 80 டாலர். பால், பெட்ரோல் எல்லாம் ஏறியும் அது ஏறவே இல்லை. யார் வேண்டுமானாலும் அதே விலைக்கு வாங்கலாம். 2026 ஜனவரி 1 முதல் இது மாறிவிட்டது. அமெரிக்காவில் வசிப்பவர்களுக்கு அதே 80 டாலர், மற்றவர்களுக்கு 250. அதோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. கூட்டம் அதிகம் வரும் 11 பூங்காக்களில், பாஸ் இல்லாமல் வரும் வெளிநாட்டினர் ஒவ்வொருவரும் வழக்கமான கட்டணத்துக்கு மேல் தலைக்கு 100 டாலர் கட்ட வேண்டும்.

அந்த 11 பூங்காக்களின் பெயர்களைக் குறித்துக்கொள்ளுங்கள், பட்ஜெட்டே இவற்றை வைத்துத்தான்: அகேடியா, பிரைஸ் கேன்யன், எவர்கிளேட்ஸ், கிளேசியர், கிராண்ட் கேன்யன், கிராண்ட் டீட்டன், ராக்கி மவுண்டன், செக்வோயா–கிங்ஸ் கேன்யன், யெல்லோஸ்டோன், யோசெமிட்டி, ஸயான். உங்கள் பட்டியலில் உள்ள ஆறு பூங்காக்களில் மூன்று இதில் வருகின்றன. ஆர்ச்சஸ், கேன்யன்லேண்ட்ஸ், கேபிடல் ரீஃப் மூன்றும் இதில் இல்லை. ஆர்ச்சஸில் கூட்டத்துக்குப் பஞ்சமில்லை, ஆனாலும் பட்டியலில் சேரவில்லை. நமக்கு நல்லதுதான்.

இப்போது கணக்கு. அமெரிக்கப் பூங்காக்களில் பெரும்பாலும் கட்டணம் காருக்குத்தான், ஆளுக்கு அல்ல. ஒரு முறை கட்டினால் ஏழு நாள் செல்லும். ஸயான், பிரைஸ், கிராண்ட் கேன்யன் மூன்றிலும் காருக்கு 35 டாலர். ஆர்ச்சஸும் கேன்யன்லேண்ட்ஸும் தலா 30, கேபிடல் ரீஃப் 20. இவை எல்லாம் சேர்ந்து 185 டாலர். இந்தத் தொகையை மட்டும் பார்த்துவிட்டு ‘250 டாலர் பாஸ் எதற்கு’ என்று சிலர் முடிவு செய்துவிடுகிறார்கள். தலைக்கட்டணத்தைச் சேர்த்துப் பாருங்கள். நான்கு பெரியவர்கள், பூங்காவுக்கு 400 டாலர், மூன்று பூங்காக்களுக்கு 1,200. ஆக மொத்தம் 1,385 டாலர். பாஸ் வாங்கினால் 250-உடன் முடிந்தது. பாஸ் வைத்திருப்பவர் காரில் இருந்தால் அதே காரில் இருக்கும் எல்லோருக்கும் நுழைவுக் கட்டணமும் இல்லை, அந்த 100 டாலரும் இல்லை. பையன் கணக்கிலேயே வரமாட்டான். 15 வயது வரை எந்தக் கட்டணமும் கிடையாது. அவனுடைய பாஸ்போர்ட்டைக் கையோடு வைத்திருங்கள், உயரமான பிள்ளையாக இருந்தால் வயதைக் கேட்பார்கள்.

இதைப் படிக்கும் மற்றவர்கள் உங்கள் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம், ஏனென்றால் எத்தனை பேர் என்பதைப் பொறுத்து முடிவே மாறும். மூன்று பெரியவர்கள் அல்லது அதற்கு மேல் என்றால் அந்த 11 பூங்காக்களின் பட்டியலில் உள்ள ஒரே ஒரு பூங்காவுக்குப் போனாலே பாஸ்தான் மலிவு. 300-உம் 35-உம் 335 ஆகிவிடுகிறது. கணவன் மனைவி இருவர் மட்டும் என்றால் ஒரு பூங்காவுக்கு 235, பாஸைவிட 15 டாலர் குறைவு. ஆனால் கூட இன்னொரு பூங்கா, அது கேபிடல் ரீஃப் போல 20 டாலர் இடமாக இருந்தால்கூட, தராசு பாஸ் பக்கம் சாய்ந்துவிடும். தனியாகக் கார் ஓட்டி வருபவருக்கு ஒரு பூங்காவுக்கு 135, இரண்டுக்கு 270. ஆக அவர் பட்டியலில் உள்ள இரண்டு பூங்காக்களுக்குப் போனால் வாங்கலாம், ஒன்றுக்கு மட்டும் என்றால் பெரும்பாலும் வேண்டாம்.

கார் விஷயத்தில்தான் நம்மவர்கள் பணத்தைக் கோட்டைவிடுகிறார்கள். பாஸ் ஒரு காருக்கு மட்டுமே செல்லும். இரண்டு குடும்பம் சேர்ந்து ஆறு ஏழு பேராக வந்து, ‘ஆளுக்கொரு செடான் எடுத்துக்கொள்வோம், வசதியாக இருக்கும்’ என்று இரண்டு கார் எடுத்தால் இரண்டு பாஸ் வேண்டும், 500 டாலர். அதற்குப் பதில் ஏழு பேர் உட்காரும் மினிவேன் ஒன்று எடுத்தால் ஒரு பாஸ் போதும், பெட்ரோலும் மிச்சம். வாடகைக் காரின் விலைகளை ஒப்பிடும்போது இந்த 250 டாலரையும் சேர்த்து ஒப்பிடுங்கள். வேனில் பெட்டிகளை எங்கே வைப்பது என்று யாராவது கேட்பார்கள். ஆளுக்கு ஒரு பெட்டி என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், அதுவும் பட்ஜெட்தான்.

காருக்குப் பதிலாக ஆளுக்குக் கட்டணம் வாங்கும் இடங்களும் உண்டு. நியூ மெக்சிகோவில் கார்ல்ஸ்பாட் குகைகள், சான் பிரான்சிஸ்கோ பக்கம் மியூர் வுட்ஸ் இரண்டிலும் பெரியவருக்கு 15 டாலர். இத்தகைய இடங்களில் பாஸ் வைத்திருப்பவரும் உடன் வரும் மூன்று பெரியவர்களும் உள்ளே போகலாம். நான்கு பேர் என்ற உங்கள் எண்ணிக்கை அங்கேயும் பொருந்துகிறது.

சரி, பெரியப்பா மகனின் பாஸ். அதில் அவர் பெயர் இருக்கும், கட்டணச் சாவடியில் பாஸோடு புகைப்பட அடையாள அட்டையும் கேட்பார்கள், பாஸுக்கு உரியவர் காரில் இருக்க வேண்டும். அவர் டல்லஸில் இருக்க, பாஸ் மட்டும் நீங்கள் சுற்றப்போகும் யூட்டா மாநிலத்துக்கு வந்தால் செல்லாது. நீங்களே 80 டாலர் பாஸ் வாங்கவும் முடியாது. அதற்கு அமெரிக்க பாஸ்போர்ட், அங்குள்ள மாநிலம் ஒன்றின் ஓட்டுநர் உரிமம் அல்லது அடையாள அட்டை, கிரீன் கார்டு இப்படி ஏதாவது ஒன்றைக் காட்ட வேண்டும். சுற்றுலா விசாவில் வருபவரிடம் இவை எதுவும் இருக்காது. இணையத்தில் ‘குடியிருப்பவர்’ என்று டிக் செய்து வாங்கிவிட்டுச் சாவடியில் பார்த்துக்கொள்ளலாம் என்று யோசனை சொல்பவர்கள் இருக்கிறார்கள். அந்த வம்பு வேண்டாம். பின்னால் வரிசையில் முப்பது கார் நிற்கும்போது நடுவில் நின்று வாதாடுவது சுகமான அனுபவம் இல்லை.

கட்டணமில்லா நாட்களையும் நம்பாதீர்கள். ஆண்டில் சில நாள் நுழைவு இலவசம் என்று எல்லாப் பயணக் குறிப்பிலும் எழுதியிருக்கும். 2026 முதல் அந்தச் சலுகை அமெரிக்காவில் வசிப்பவர்களுக்கு மட்டும்தான். நமக்கு அன்று மிஞ்சுவது கூட்டம் மட்டுமே.

இனி, பாஸ் செல்லாத இடங்கள். உங்கள் பாதையில் இவை நிறையவே இருக்கின்றன. மத்திய அரசின் ஆறு துறைகளின் நிலங்களில் இந்தப் பாஸ் செல்லும். தேசியப் பூங்காத் துறையோடு வனத்துறை, நில மேலாண்மைத் துறை போன்றவையும் அதில் அடக்கம். வேகஸுக்குப் பக்கத்தில் உள்ள ரெட் ராக் கேன்யன், லேக் மீட் இரண்டுக்கும் இதே பாஸ் போதும். ஆனால் பழங்குடியினர் நிலம், மாநிலப் பூங்கா, நகராட்சி நிறுத்தம் எதிலும் செல்லாது.

முதல் பொறி வேகஸிலேயே காத்திருக்கிறது. ‘கிராண்ட் கேன்யன் வெஸ்ட்’ என்று விளம்பரம் செய்வார்கள், கண்ணாடித் தளத்தில் நின்று கீழே பார்க்கும் ஸ்கைவாக் அங்கேதான் இருக்கிறது. அது தேசியப் பூங்காவில் இல்லை. ஹுவாலபாய் பழங்குடியினரின் நிலம், டிக்கெட் அவர்களுடையது, ஆளுக்கு ஆள் தனி. பாஸை நீட்டினால் சிரிப்பார்கள். நீங்கள் படங்களில் பார்த்து ஆசைப்பட்ட கிராண்ட் கேன்யன் பெரும்பாலும் தேசியப் பூங்காவின் தெற்கு விளிம்புதான். இரண்டும் வேறு வேறு இடம், நடுவே பல மணி நேரப் பயணம். வேகஸிலிருந்து டூர் பதிவு செய்பவர்கள் டிக்கெட்டில் ‘வெஸ்ட் ரிம்’ என்று இருக்கிறதா ‘சவுத் ரிம்’ என்று இருக்கிறதா என்று இரண்டு முறை படியுங்கள்.

மானுமென்ட் வேலி நவஹோ பழங்குடியினருடையது, ஆளுக்கு 8 டாலர். பேஜ் ஊரில் ஹார்ஸ்ஷூ பெண்ட் என்ற ஆற்று வளைவைப் பார்க்கக் கார் நிறுத்தக் கட்டணம் 10 டாலர். அந்த இடம் இருப்பது மத்திய அரசு நிலத்தில்தான், ஆனால் நிறுத்துமிடம் நகராட்சியுடையது, அதனால் பாஸ் செல்லாது. மோவாப் ஊர்ப் பக்கம் டெட் ஹார்ஸ் பாயிண்ட் மாநிலப் பூங்கா, காருக்கு 20 டாலர். கேன்யன்லேண்ட்ஸுக்குப் போகிற வழியில்தான் பிரிகிறது, கொலராடோ ஆறு வளைந்து போகும் காட்சி கேன்யன்லேண்ட்ஸில் பார்ப்பதைவிட ஒரு பங்கு மேல் என்பது என் கருத்து. நேரம் இருந்தால் அந்த 20 டாலரைத் தயங்காமல் கொடுக்கலாம்.

ஆன்டிலோப் கேன்யன் மட்டும் தனிக் கதை. அதுவும் நவஹோ நிலம், வழிகாட்டி இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். நிறுவனத்துக்கு நிறுவனம், நேரத்துக்கு நேரம் விலை வேறு. மேலிருந்து வெளிச்சம் கற்றையாக விழும் நண்பகல் நேரத்தில், ‘அப்பர்’ எனப்படும் மேல் பகுதியில் விலை உச்சத்தில் இருக்கும். உங்கள் ஐந்து பேருக்கு இந்த ஒரு இடம் மற்ற எல்லா நுழைவுக் கட்டணத்தையும் சேர்த்ததைவிட அதிகமாகிவிடலாம், சிறுவருக்குச் சலுகை இருக்கிறதா என்று பதிவு செய்யும்போதே பாருங்கள். விலையைப் பார்க்கும்போது நவஹோ அனுமதிக் கட்டணம் அதில் சேர்ந்திருக்கிறதா, அங்கே போய்த் தனியாகக் கட்ட வேண்டுமா என்பதையும் பாருங்கள். பலர் குறைந்த விலை என்று மகிழ்ந்து பதிவு செய்துவிட்டு அங்கே போய் முகம் சுளிப்பது இதனால்தான்.

பாஸ் என்பது நுழைவுக்கு மட்டும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். கூடாரமிடும் இடம், குகைச் சுற்றுலா, சிறப்பு அனுமதி எல்லாம் தனி. ஸயானில் ஏஞ்சல்ஸ் லேண்டிங் என்ற பாறை முகட்டில் ஏற ஆசைப்பட்டால் 2022 முதல் குலுக்கலில் பெயர் வந்தால்தான் முடியும். விண்ணப்பத்துக்கு 6 டாலர், அது கிடைக்காவிட்டாலும் திரும்பாது, கிடைத்தால் ஆளுக்கு 3 டாலர். சில பூங்காக்கள் சில பருவங்களில் இத்தனை மணிக்குத்தான் வரலாம் என்று முன்பதிவு கேட்கும், அதற்கு 2 டாலர் சேவைக் கட்டணம் வாங்குவார்கள். இந்த விதி ஆண்டுக்கு ஆண்டு மாறும், ஒரு பூங்கா சேர்க்கும், இன்னொன்று கைவிடும். அதனால் போகிற மாதத்தில் அந்தந்தப் பூங்காவின் அதிகாரபூர்வத் தளத்தைப் பாருங்கள். தொகை சின்னதுதான், ஆனால் பாஸ் கையில் இருந்தும் முன்பதிவு இல்லை என்று திருப்பி அனுப்பினால் ஒரு நாள் போய்விடும். ஸயான் பள்ளத்தாக்குக்குள் ஓடும் ஷட்டில் பேருந்து இலவசம், அது ஓடும் மாதங்களில் உங்கள் காரை உள்ளே விடமாட்டார்கள்.

250 டாலர் கட்ட மனமில்லாதவர்களுக்கும் வழி இருக்கிறது, பாதையைக் கொஞ்சம் யோசித்துப் போட வேண்டும். யூட்டாவிலேயே தொடங்கலாம். கேபிடல் ரீஃப் பூங்காவின் நடுவே 24-ஆம் எண் நெடுஞ்சாலை போகிறது, அதில் போவதற்குக் கட்டணமே இல்லை. சாலையோரப் பாறை ஓவியங்கள், ஹிக்மன் பாலம் என்ற இயற்கை வளைவுக்குப் போகும் நடைபாதை, பழைய பழத்தோட்டங்கள் எல்லாம் இலவசம். 20 டாலர் கேட்பது அங்கிருந்து பிரியும் ‘சீனிக் டிரைவ்’ சாலைக்கு மட்டும். பிரைஸின் சிவப்புத் தூண் பாறைகள் போலவே, அளவில் சிறியதாக, அதே 12-ஆம் எண் சாலையில் ரெட் கேன்யன் இருக்கிறது. அது வனத்துறை நிலம், காசு இல்லை. பிரைஸ் பூங்காவுக்குள்ளேயே இருந்தும் சாவடிக்கு வெளியே அமைந்த மாஸி கேவ் என்ற குட்டி நடைபாதையும் அதே சாலையோரம்தான். பிரைஸ் விளிம்பில் நின்று பார்ப்பதற்கு இவை ஈடாகாது, அது உண்மை. ஆனாலும் இரண்டு பேருக்கு 235 டாலர் மிச்சமாகிறது.

இதற்கு நேர்மாறான சிக்கல் ஸயானில். வேகஸிலிருந்து பிரைஸ் போகக் கூகுள் மேப்ஸ் சில சமயம் 9-ஆம் எண் சாலையைக் காட்டும். அது ஸயான் பூங்காவைக் கிழித்துக்கொண்டு சுரங்கப்பாதை வழியாகப் போகிறது, நிற்காமல் கடந்து போவதாக இருந்தாலும் நுழைவுக் கட்டணம் உண்டு. பாஸ் இல்லாமல் ஸயானைத் தவிர்க்க நினைப்பவர்கள் 15-ஆம் எண் நெடுஞ்சாலையிலேயே வடக்கே போய், 20-ஆம் எண் சாலையில் திரும்பிப் பாங்விட்ச் ஊர் வழியாகப் போவது நல்லது.

யூட்டாதான் வேண்டும் என்று பிடிவாதம் இல்லாவிட்டால் வடமேற்கு மூலையை எண்ணிப் பாருங்கள். வாஷிங்டன் மாநிலத்தில் மவுண்ட் ரெய்னியர் 30, ஒலிம்பிக் 30, நார்த் கேஸ்கேட்ஸ் இலவசம். பனிமலை, மழைக்காடு, கடற்கரை மூன்றும் காருக்கு 60 டாலரில் முடிகிறது, அந்த 11 பூங்காக்களின் பட்டியலில் இவற்றில் ஒன்றும் இல்லை. கலிபோர்னியாவில் யோசெமிட்டியும் செக்வோயாவும் பட்டியலில் உள்ளன, ஆனால் உலகின் மிக உயரமான மரங்கள் நிற்கும் ரெட்வுட் பூங்காவில் கட்டணமே இல்லை. கிழக்கே கிரேட் ஸ்மோக்கி மவுண்டன்ஸுக்கும் நுழைவுக் கட்டணம் கிடையாது. 15 நிமிடத்துக்கு மேல் காரை நிறுத்தினால் மட்டும் நாளுக்கு 5 டாலர், வாரத்துக்கு 15 டாலர் கொடுத்து ஒரு சீட்டு வாங்கிக் காரில் வைக்க வேண்டும். வயோமிங்கில் டீட்டன் மலைத்தொடரைப் பார்க்க மட்டும் ஆசை என்றால் ஜாக்சன் ஊரிலிருந்து மோரன் போகும் நெடுஞ்சாலை சாவடிக்கு வெளியேதான் போகிறது. வழியில் வண்டியை ஓரங்கட்டிப் பார்க்க இடங்கள் உண்டு, மலை முழுசாகத் தெரியும்.

இவ்வளவு வாங்குகிறார்களே, எங்கே போகிறது என்ற எரிச்சல் வருவது நியாயம். பூங்காக்களில் வசூலாகும் நுழைவுக் கட்டணத்தில் குறைந்தது 80 விழுக்காடு அந்தப் பூங்காவிலேயே செலவாக வேண்டும் என்பது 2004 சட்டத்தின் ஏற்பாடு. கழிப்பறை, நடைபாதை, சாலை எல்லாம் அதிலிருந்துதான். 2017-இல் பெரிய பூங்காக்களில் சீசனில் காருக்கு 70 டாலர் என்று எல்லோருக்கும் ஏற்றப் பார்த்தார்கள். அமெரிக்கர்கள் கொதித்தெழுந்ததும் கைவிட்டு, கொஞ்சம் மட்டும் ஏற்றினார்கள். இப்போது ஓட்டுப் போடாதவர்கள் தலையில் விழுந்திருக்கிறது.

பணம் கட்டுவதில் சில நடைமுறைகள். பல சாவடிகளில் ரொக்கம் வாங்குவதில்லை, கார்டு மட்டும்தான். இந்திய கிரெடிட் கார்டில் கட்டினால் அந்நியச் செலாவணி மார்க்அப் என்ற கூடுதல் கட்டணம் சேரும், அதன் மேல் ஜிஎஸ்டியும் வரும். அதனால் கூகுள் காட்டும் டாலர் விலையில் பெருக்கி ரூபாய்க் கணக்குப் போடாதீர்கள், உங்கள் வங்கியின் விலையில் போடுங்கள். முன்கூட்டியே டாலர் ஏற்றிவைக்கும் ஃபாரெக்ஸ் கார்டு வைத்திருந்தால் அதில் கட்டுவது பெரும்பாலும் லாபம்.

பாஸை இப்போது ரெக்ரியேஷன் டாட் காவ் தளத்தில் டிஜிட்டலாகவே வாங்கலாம். உங்கள் நால்வரில் எல்லாப் பூங்காக்களுக்கும் கட்டாயம் வரப்போகிறவர் யாரோ அவர் பெயரில் வாங்குங்கள். ‘இன்று எனக்கு அலுப்பு, அறையிலேயே இருக்கிறேன்’ என்று சொல்லக்கூடியவர் பெயரில் வேண்டாம், அவர் காரில் இல்லாவிட்டால் பாஸும் இல்லை. பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்கட்டும், இனிஷியலை விரித்து எழுதும் நம் பழக்கத்தில் இங்கே கவனம் தேவை. பல பூங்கா வாயில்களில் செல்போன் சிக்னல் சுத்தமாக இருக்காது. வேகஸில் விடுதியை விட்டுக் கிளம்பும் முன்பே பாஸைப் போனில் இறக்கிவைத்துவிட்டு, அசல் பாஸ்போர்ட்டையும் எட்டும் இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். டிக்கியில், பெட்டிக்கு அடியில் வேண்டாம்.